எத்தனை மணிக்குத் தெரியும்? காவல்துறை வயர்லெஸ்ஸும் நம் வழக்குகளும்



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் காவல்துறையின் வயர்லெஸ். அறிவித்தபோது தோழர்கள் சிலர் சிரித்தார்கள். "அது போலீஸ்காரங்க சமாச்சாரம், நமக்கு என்ன?" என்று கேட்டார்கள். பஞ்சமி நிலம், கல்வி, கோயில் நுழைவு என்று பேச வேண்டியவை எத்தனையோ இருக்கும்போது ஒரு கருவியைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்பது நியாயமான கேள்விதான். அதற்கான பதிலாகவே இந்த உரை அமையட்டும்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துக் கிலோமீட்டர் சொச்சம். நம்மில் பலர் அந்தத் தூரத்தைத் தேர் பார்க்கவும் பால்கோவா வாங்கவும் கடந்ததைவிட வாய்தாவுக்காகக் கடந்ததே அதிகம். விருதுநகர் மாவட்டத்தின் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. அங்கே வன்கொடுமை வழக்குகளின் சாட்சி விசாரணையை உட்கார்ந்து கேட்டவர்களுக்கு ஒன்று தெரியும். யார் அடித்தார், எதனால் அடித்தார், என்ன சொல்லித் திட்டினார் என்பதையெல்லாம் நம் சாட்சிகள் தெளிவாகச் சொல்லிவிடுவார்கள். ஒரு கேள்விக்கு மட்டும் நம் பக்கம் ஆவணம் இருக்காது. நடக்கப்போவதும் நடந்ததும் காவல்துறைக்கு எத்தனை மணிக்குத் தெரியும்?

எங்களுக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறோம். ஊர்ப் பெயரும் அலுவலகத்தின் பெயரும் வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு காலனித் தெருவில் கல் விழுந்தது. ஓடுகள் உடைந்தன, இரண்டு வைக்கோல் படப்புகள் எரிந்தன. நம் பையன் ஒருவன் பின்பக்கமாக ஓடி, மெயின் ரோட்டுக் கடையிலிருந்து ஸ்டேஷனுக்குப் போன் போட்டான். அப்போது மணி ஒன்பதரை என்று அவன் சொன்னான். ஜீப் வந்தது விடியும்போது. தகவல் கிடைத்ததே அதிகாலை நாலு மணிக்குத்தான், கிடைத்த உடனே புறப்பட்டோம் என்று அதிகாரி சாட்சி சொன்னார். அவர் சொன்னதற்கு ஆவணம் இருந்தது. பையன் சொன்னதற்கு அவன் வாய் மட்டும்தான். அன்றிரவு ஸ்டேஷனுக்கும் கன்ட்ரோல் ரூமுக்கும் நடுவே வயர்லெஸ்ஸில் போன செய்திகளின் பதிவேட்டு நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். பராமரிப்புக் காலம் முடிந்து அழிக்கப்பட்டுவிட்டது என்று ஒரே வரியில் பதில் வந்தது. அப்படி ஒரு பதிவேடு இருக்கிறது, அதைக் கேட்கலாம் என்று நாங்கள் தெரிந்துகொள்வதற்குள் அது இல்லாமல் போயிருந்தது.

அன்று முதல் இந்தக் கருவியின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம். இப்போது உலகெங்கும் காவல்துறைகள் தங்கள் வயர்லெஸ் பேச்சை வேறு யாரும் கேட்க முடியாதபடி குறியாக்கம் செய்து பூட்டி வருகின்றன. இதை ஒரு தொழில்நுட்ப மாற்றமாகப் பத்திரிகைகள் எழுதுகின்றன. சேதியைச் சுமப்பவர் யார், அனுப்புபவர் யார், வைத்துக்கொள்பவர் யார் என்ற பழைய கேள்வியின் தொடர்ச்சியாகத்தான் நாம் இதைப் பார்க்க வேண்டும்.

சேதி சுமந்தவர்கள்

அரசின் சேதியை ஊருக்குச் சொல்லும் வேலையைச் சாதி நம் மேல் சுமத்தியது. வரி கட்டச் சொல்லவும், ஏலம் அறிவிக்கவும், ஊர்க்கூட்டத்துக்கு அழைக்கவும் பறையடித்துத் தண்டோரா போட்டவர்கள் நம் முன்னோர். வேற்றூருக்கு இழவுச் சேதி சொல்ல வெயிலிலும் மழையிலும் நடந்தவர்களும் அவர்களே. பறை நம் கலை. அதை ஊருக்குச் செய்ய வேண்டிய ஊழியமாக்கியதுதான் இழிவு. தண்டோரா முறைக்குத் தடை விதித்துத் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதியது 2022 ஆகஸ்டில். அதுவரை அது பல ஊர்களில் நடந்துகொண்டுதான் இருந்தது.

மேலிருந்து கீழே வந்த சேதியை நாம் சுமந்தோம். கீழிருந்து மேலே போக வேண்டிய சேதி வேறு கையில் இருந்தது. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, ஊரில் நடக்கும் குற்றங்களைப் பற்றித் தகவல் தரும் கடமையைக் கிராமத் தலைவர், கணக்குப்பிள்ளை, நிலவுடைமையாளர் போன்றோர் மேல் வைத்தது. நம் பக்கத்தில் அது கிராம முன்சீப். பெரும்பாலான ஊர்களில் அவர் ஆதிக்கச் சாதிக்காரர், பரம்பரையாக அந்தப் பதவியில் இருந்தவர். சேரியில் ஒருவர் அடிபட்டால், அடித்தவரின் பங்காளியோ மாமன் மச்சானோதான் ஸ்டேஷனுக்கு எழுதி அனுப்ப வேண்டும். அவர் எழுதினால் அது சம்பவம், எழுதாவிட்டால் அது நடக்கவே இல்லை. பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளைத் தமிழ்நாடு அரசு ஒழித்தது 1980 நவம்பரில். நம் தாத்தாக்களும் அப்பாக்களும் வாழ்ந்த காலம் முழுவதும் ஊருக்கும் அரசுக்கும் நடுவே அந்த ஒரு வாசல்தான் இருந்தது.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். காவல்துறை வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த வட்டாரத்தில் பதற்றம் இருப்பது அரசுக்கு முன்பே தெரியாத ஒன்றல்ல. ஆகவே வெண்மணியைப் பற்றிப் பேசும்போது தீ வைத்தவர்களோடு நின்றுவிட முடியாது. யாருக்கு எப்போது தெரியும் என்றும் கேட்டாக வேண்டும்.

காற்றில் வந்த சேதி

தந்தியை அரசின் தனியுரிமையாக்கிய இந்தியத் தந்திச் சட்டம் 1885இல் வந்தது. உரிமம் இல்லாமல் வயர்லெஸ் கருவி வைத்திருப்பதையே குற்றமாக்கிய இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டம் 1933இல் வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946இல், மாகாணக் காவல்துறைகளின் வயர்லெஸ்ஸை ஒருங்கிணைக்க மத்திய அரசு ஓர் இயக்ககத்தைத் தொடங்கியது. வெள்ளைக்காரன் போகும்போது விட்டுச்சென்ற இந்த அமைப்பு அப்படியே சுதந்திர இந்தியாவின் அமைப்பானது. சட்டமும் அதேதான். 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் பழைய இரண்டு சட்டங்களையும் நீக்கிவிட்டு வந்திருக்கிறது. செய்தியைச் சட்டவிரோதமாக இடைமறித்துக் கேட்டால் மூன்று ஆண்டு வரை சிறை, இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம் என்று அதன் 42ஆம் பிரிவு சொல்கிறது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் ஸ்கேனர் என்ற பெட்டியைக் கடையில் வாங்கிப் பொதுமக்களும் பத்திரிகையாளர்களும் காவல்துறையின் பேச்சைப் பல பத்தாண்டுகளாகச் சட்டப்படி கேட்டு வந்தார்கள். நம் நாட்டில் அந்த உரிமை ஒருநாளும் இருந்ததில்லை.

ஆனாலும் பழைய அனலாக் செட்டின் இயல்பு வேறு. குரல் அப்படியே அலையில் ஏறிப் போகும். அதே அலைவரிசைக்குத் திருப்பிய எந்தப் பெட்டியும் அதைப் பேசும். ஸ்டேஷன் வாசலில் நிற்கும் ஜீப்பில் செட் திறந்தே கிடக்கும். எதிர் டீக்கடையில் பெஞ்சில் இருப்பவர்கள் காதில் அது விழும். எந்த ஊரில் பிரச்சினை, எங்கிருந்து ஆயுதப்படை வருகிறது, டி.எஸ்.பி. எங்கே இருக்கிறார் என்பதெல்லாம் அரைகுறையாகத் தெரியும்.

யாருக்குத் தெரியும் என்பதுதான் விஷயம். ஸ்டேஷன் எதிரே உட்காரும் வசதி எல்லோருக்கும் சமமாக இருந்ததில்லை. ரைட்டரோடு மாமன் முறை கொண்டாடியவர்களுக்கு, ஏட்டய்யாவுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தவர்களுக்கு அந்தச் சேதி முதலில் கிடைத்தது. ரெய்டு வருமுன்னே மணல் வண்டி மறைந்துவிடும். நாம் புகார் கொடுத்துவிட்டு ஊர் திரும்புவதற்குள், யார் கொடுத்தார் என்ற சேதி ஊருக்கு முந்திப் போயிருக்கும். காற்றில் வந்த சேதி எல்லோருக்கும் பொது என்று பேர். அது சாதி பார்த்துத்தான் இறங்கியது.

இந்த வட்டாரத்தின் வன்முறை வரலாற்றை இதோடு சேர்த்துப் பாருங்கள். 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் தியாகி இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டபோது நம் இரண்டு ஊர்களும் அதே ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. 1985இல்தான் நாம் தனி மாவட்டமானோம். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்துக்குள் நுழைந்தவர்கள் காவல்துறையினரே. வளைகுடா நாடுகளில் உழைத்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சாமான்களை உடைத்தார்கள், குடிக்கும் கிணற்றைக் கெடுத்தார்கள். அன்று அந்த ஊருக்குள் போகச் சொன்னது யார், என்ன சொல்லி அனுப்பினார் என்பதற்கான சொற்கள் ஏதோ ஒரு கருவியின் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். கோமதிநாயகம் ஆணையம் அமைக்கப்பட்டது. அந்தச் சொற்கள் நம் கைக்கு வரவில்லை.

1997 மே மாதத்தில், விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு மாவீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. தலித் ஒருவரின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதிக்காரர்கள் கிளம்பினார்கள். பஸ்கள் மேல் கல் விழுந்தது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி வட்டாரங்கள் எரிந்தன. ஜூலையில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்துவிட்டது. அந்த வாரங்களில் நம் காலனிகளில் போன் கிடையாது. பஸ் ஓடாது. எஸ்.டி.டி. பூத் மெயின் பஜாரில், அதாவது நாம் போக முடியாத இடத்தில். ஊருக்கும் உதவிக்கும் நடுவே வேகமாகப் போகக்கூடியதாக இருந்தது காவல்துறையின் வயர்லெஸ் ஒன்றே. அதில் நம் ஊர்ப் பெயர்கள் எத்தனை முறை சொல்லப்பட்டன, எத்தனை முறை 'அங்கே நிலைமை அமைதி' என்று பதில் போனது என்பதுதான் 1997இன் எழுதப்படாத வரலாறு.

பூட்டு வருகிறது

இனி மாற்றத்துக்கு வருவோம். டிஜிட்டல் செட் குரலை எண்களாக மாற்றி அனுப்புகிறது. டிஜிட்டல் ஆனாலே ரகசியம் ஆகிவிடாது. தகுந்த கருவி இருந்தால் அந்த எண்களையும் குரலாக்கலாம். அந்த எண்களை ஒரு சாவியைக் கொண்டு கலைத்துப்போட்டு அனுப்புவதுதான் குறியாக்கம். அதே சாவி ஏற்றிய செட்டுக்கு மட்டும் குரல் புரியும், மற்றவருக்கு வெறும் இரைச்சல். செட் தொலைந்தால் தொலைவிலிருந்தே அதை முடக்கிவிடலாம்.

ஐரோப்பியக் காவல்துறைகள் டெட்ரா என்ற முறையில் இதை இருபது ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டன. டெல்லியில் 2010 காமன்வெல்த் போட்டிகளையொட்டி அதே டெட்ரா வந்தது. தமிழ்நாட்டிலும் டிஜிட்டல் செட்டுகள் வாங்கப்பட்டன. அந்தக் கொள்முதலில் முறைகேடு என்ற புகார் 2019இல் லஞ்ச ஒழிப்புத்துறை விசாரணை வரை போனது. இன்று நம் ஊர் ஸ்டேஷன் மேசையில் இருப்பது பழைய செட்டா புதிய செட்டா என்பது பெரிய விஷயமல்ல. போகும் திசை ஒன்றுதான்.

அமெரிக்காவில் இதற்கு எதிர்ப்பு இருக்கிறது. சிகாகோ 2022இல் பூட்டத் தொடங்கியபோது, பொதுமக்களுக்கு அரை மணி நேரம் தாமதித்துக் கேட்க வழி வைத்தது. நியூயார்க் 2023இல் புரூக்ளினிலிருந்து தொடங்கியது. கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரம் 2021இல் பூட்டி, மக்கள் கேள்வி கேட்டதால் 2022இல் மறுபடி திறந்தது. பூட்டு இயற்கை விதி அல்ல, முடிவெடுத்தவர்கள் அதை மாற்றவும் முடியும் என்று அந்தச் சிறு நகரம் காட்டியது.

பூட்டின் வலிமை பற்றியும் ஒரு செய்தி. டெட்ராவில் பயன்படும் குறியாக்க முறைகளில் ஒன்றான டி.இ.ஏ.1இல் வேண்டுமென்றே ஒரு பலவீனம் வைக்கப்பட்டிருந்ததை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2023 ஜூலையில் வெளியிட்டார்கள். 80 பிட் நீளச் சாவி என்று விற்கப்பட்டது, உள்ளே 32 பிட்டாகக் குறைக்கப்பட்டிருந்தது. சாதாரணக் கணினியே உடைத்துவிடும். வசதியும் அறிவும் உள்ளவர்களுக்கு இந்தப் பூட்டு பெரிய தடை இல்லை. தெருவில் நிற்கும் சாமானியனுக்கு மட்டும் அது முழுப் பூட்டு.

பூட்டுவதில் இருக்கும் நியாயம்

அப்படியானால் குறியாக்கம் கூடாது என்று நாம் கோஷம் போட வேண்டுமா? வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இதில் சில தோழர்கள் எங்களோடு உடன்பட மாட்டார்கள். விவாதிப்போம்.

பாலியல் வன்கொடுமைக்கு ஆளான நம் பெண்ணின் பெயரும் தெருவும் திறந்த மைக்கில் சொல்லப்படக் கூடாது. சாதி மறுப்புத் திருமணம் செய்து ஸ்டேஷனில் தஞ்சம் புகுந்த பிள்ளைகளை எந்தப் பாதையில் எந்த வண்டியில் அழைத்துப் போகிறார்கள் என்பது பெண்ணின் சித்தப்பன் காதில் விழக் கூடாது. சாட்சிக்குப் பாதுகாப்பாகப் போகும் காவலர் எங்கே நிற்கிறார் என்பது எதிரிக்குத் தெரியக் கூடாது. திறந்த அலைவரிசையில் ஒட்டுக் கேட்டுப் பயன்பெற்றவர்கள் யார் என்று மேலே பார்த்தோம். அந்த வாசல் மூடுவதில் நமக்கு நஷ்டம் இல்லை, லாபம்கூட இருக்கலாம்.

நாம் அஞ்ச வேண்டியது வேறு. பேசும்போது பூட்டுவது ஒன்று, பேசியதை நிரந்தரமாகப் பூட்டுவது இன்னொன்று. முதலாவது பாதுகாப்பு. இரண்டாவது தப்பிப்பு. குறியாக்கம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் சேர்த்து நம்மிடம் தருகிறார்கள். பிரித்துப் பார்க்க வேண்டியது நம் வேலை.

பதிவு பேசிய இடங்கள்

காவல்துறையின் பேச்சு பதிவாகி வெளியே வந்த சில இடங்களைப் பாருங்கள்.

1991இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ராட்னி கிங் என்ற கறுப்பின இளைஞரைக் காவலர்கள் அடித்த வீடியோவை உலகம் பார்த்தது. அதன்பின் அமைந்த கிறிஸ்டோபர் ஆணையம், ரோந்து வண்டிகளின் கணினித் திரையில் காவலர்கள் ஒருவருக்கொருவர் தட்டச்சு செய்து அனுப்பிய செய்திகளை எடுத்துப் படித்தது. கறுப்பின மக்களை விலங்குகளாகப் பேசும் செய்திகள் அதில் கிடைத்தன. வீடியோ காட்டியது ஓர் இரவின் அடியை. அந்தப் பதிவு காட்டியது துறையின் மனதை.

1993 ஜனவரி மும்பை வன்முறையின்போது காவலர்கள் வயர்லெஸ்ஸில் பேசிய முஸ்லிம் வெறுப்புப் பேச்சைப் பத்திரிகையாளர் டீஸ்டா செடல்வாட் வெளியிட்டார். உதவி கேட்டுக் கதறிய முஸ்லிம்களிடம் காவல்துறை அலட்சியமாக நடந்துகொண்டதை நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் தன் அறிக்கையில் பதிந்தது. பாதிக்கப்பட்டவர்கள் சொன்னதை மிகை என்று தள்ளியவர்களால் அந்தக் குரல்களைத் தள்ள முடியவில்லை.

2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலில் கொல்லப்பட்ட உயர் அதிகாரி அசோக் காம்தேயின் மனைவி வினிதா காம்தே, கணவர் கடைசி நேரத்தில் எப்படி இறந்தார் என்று அறியக் கட்டுப்பாட்டு அறையின் பதிவுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் போராடிப் பெற்றார். காமா மருத்துவமனைப் பக்கம் உதவி கேட்டுப் போன செய்திகளை வைத்து 2009இல் புத்தகமே எழுதினார். காவல்துறை அதிகாரியின் மனைவிக்கே எத்தனை மணிக்குத் தெரியும் என்ற கேள்வி வந்தது. அவருக்கே பதிவு எளிதில் கிடைக்கவில்லை. நம் காலனித் தாய்க்குக் கிடைக்குமா என்று யோசியுங்கள்.

இந்த மூன்று இடங்களிலும் உதவியது பதிவு. பதிவு இல்லாமல் போன இடங்களும் உண்டு. 2002 குஜராத் வன்முறைக் காலத்தின் தொலைபேசி அழைப்புகள், அதிகாரிகளின் நடமாட்டம் பற்றிய சில ஆவணங்கள் வழக்கமான விதிப்படி 2007இல் அழிக்கப்பட்டதாக அரசுத் தரப்பு 2011இல் நானாவதி ஆணையத்திடம் சொன்னது. நமக்குப் பக்கத்தில், 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் காவல் நிலையத்தில் தாக்கப்பட்டு இறந்தார்கள். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், ஸ்டேஷன் கேமராவின் காட்சிகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைத் தன் அறிக்கையில் எழுதினார். சேமிக்க இடம் போதுமான அளவு இருந்தது. அழிவதும் ஓர் அமைப்புதான், யாரோ ஒருவர் வைத்த அமைப்பு.

2011 செப்டம்பர் 11, பரமக்குடி ஐந்து முக்கில் நடந்த துப்பாக்கிச் சூட்டை நீதிபதி சம்பத் ஆணையம் நியாயம் என்றது. 2018 மே 22 தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் காவல்துறையினர் 17 பேர் மேல் நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் படிக்க மாணவர்களுக்குச் சொல்கிறோம். முதல் எச்சரிக்கை எப்போது, உத்தரவு யார் வாயிலிருந்து, முதல் குண்டு எப்போது என்ற நிமிடக் கணக்கில்தான் நியாயமும் அநியாயமும் பிரிகின்றன. அந்த நிமிடக் கணக்கு வயர்லெஸ்ஸில் இருக்கிறது.

கீழ்நிலைக் காவலர்களையும் நினைவில் வைப்போம். நம் வீடுகளிலிருந்து போய் இரண்டாம் நிலைக் காவலர் ஆனவர்கள் உண்டு. மைக்கில் மேலதிகாரி போட்ட உத்தரவை நிறைவேற்றிவிட்டு, விசாரணை வரும்போது தனியாக நிற்பவர்கள் அவர்கள். உத்தரவு பதிவில் இருந்தால் அவர்களுக்கும் அது காப்பு.

பூட்டுக்குள்ளே ஒரு கடிகாரம்

இங்கே நாம் கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் இருக்கிறது. பழைய அனலாக் செட்டில் பேசியது காற்றோடு போனது. ஏட்டு பதிவேட்டில் எழுதினால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை. புதிய டிஜிட்டல் செட் அப்படி அல்ல. ஒவ்வொரு செட்டுக்கும் ஓர் எண் உண்டு. பட்டனை அழுத்தியதும் அந்த எண்ணும் சேர்ந்தே போகிறது. எந்தச் செட், எந்தக் குழுவில், எத்தனை மணிக்கு, எத்தனை விநாடி பேசியது என்பதைக் கட்டுப்பாட்டு அறையின் கணினி குறித்துவைக்க முடியும். குரலையும் சேமிக்க முடியும். ஒன்பதரைக்குப் போன் போட்ட நம் பையனுக்கு இல்லாத சாட்சியை இந்தக் கருவியே சொல்லக்கூடும். ஆகவே இனிமேல் "பதிவு இல்லை" என்று பதில் வந்தால், கருவியால் முடியவில்லை என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. வைக்க வேண்டாம் என்று ஒருவர் முடிவெடுத்திருக்கிறார்.

அதைவிடப் பெரிய ஓட்டை வாட்ஸ்அப். உத்தரவுகள் இப்போது அதிகாரிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் போகின்றன. அதுவும் குறியாக்கம் செய்யப்பட்டதுதான். ஆனால் அதன் பதிவு அரசின் கணினியில் இல்லை. அனுப்பியவரின் செல்போனில் இருக்கிறது, ஒரு தட்டலில் மறைகிறது. வயர்லெஸ் பதிவைக் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும், பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது. துறை விசாரணையின் பரிந்துரை வேண்டும் என்ற தடையும் அதிலேயே இருக்கிறது. இந்தப் பிரிவு ஏட்டிலேயே கிடப்பதற்குக் காரணம், தெரிந்தும் வரவில்லை என்பதை மெய்ப்பிக்க நம்மிடம் நேரக் கணக்கு இல்லாததுதான். வயர்லெஸ் பதிவு அந்த நேரக் கணக்கு.

லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம், பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய எல்லாத் தகவலும் காவல் நிலையப் பொது நாட்குறிப்பில் ஏற வேண்டும் என்றது. பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020இல், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு கேமரா வைத்து, காட்சிகளை 18 மாதம் பாதுகாக்கச் சொன்னது. சுவருக்குள் நடப்பதற்கு 18 மாதம் என்றால் காற்றில் பேசியதற்கும் அதே காலம் வேண்டும் என்பது நம் முதல் கோரிக்கை. வன்கொடுமை வழக்கு பதிவான இடத்திலும் துப்பாக்கிச் சூடு நடந்த இடத்திலும், மேல்முறையீடு வரை எல்லாம் முடியும்வரை அழிக்கக் கூடாது என்பது இரண்டாவது.

அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டாம். மாணவர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சம்பவம் நடந்த மறுநாளே காவல் கண்காணிப்பாளருக்கும் ஆட்சியருக்கும் மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவுக்கும் பதிவுத் தபாலில் கடிதம் போகட்டும். 100, 112 எண்களுக்கு வந்த அழைப்புகள், வயர்லெஸ் செய்திப் பதிவேடு, குரல் பதிவு இருந்தால் அது, பொது நாட்குறிப்பு, ஜீப்பின் வாகன நாட்குறிப்பு ஆகியவற்றைப் பாதுகாக்கச் சொல்லுங்கள். 14566 என்ற தேசிய வன்கொடுமைத் தடுப்பு உதவி எண்ணுக்குப் பேசினால், பேசிய நேரத்தை எழுதிவையுங்கள். பிறகு தகவல் உரிமை மனு. விசாரணை கெடும் என்று மறுத்தால், வெளியிடக்கூடிய பகுதியைப் பிரித்துத் தரும்படி 10ஆம் பிரிவைக் காட்டுங்கள். விலக்கு பெற்ற அமைப்பு என்று மறுத்தால், மனித உரிமை மீறலுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்ற 24ஆம் பிரிவின் வரியைக் காட்டுங்கள். வழக்கு நடக்கும்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவில், பதிவை வரவழைக்க நீதிமன்றத்தில் மனுப் போடச் சொல்லுங்கள். மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழையும் சேர்த்தே கேளுங்கள். அது இல்லாமல் கைக்கு வந்த பதிவு வாசலிலேயே நிற்கும்.

முடிக்கும் முன் ஒன்று. 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் நம் மக்களுக்கு உரிமை உண்டு என்பது அந்தத் தீர்மானம். சாலை அரசுப் பணத்தில் போட்டது, கிணறு பொதுவில் வெட்டியது, ஆகவே எல்லோருக்கும் பொது என்ற எளிய நியாயம். 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வானலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. அந்த அலையில்தான் காவல்துறை பேசுகிறது, நம் வரிப் பணத்தில் வாங்கிய செட்டில் பேசுகிறது. சீனிவாசன் கேட்டது அதில் நடக்கவும் இறைக்கவும். நாம் கேட்பது அதைவிடக் குறைவு. நம் வீடு எரிந்த இரவில், நம்மைப் பற்றி, நம் பணத்தில் பேசிய பேச்சின் நகல்.

அன்று போன் போட்ட பையனுக்கு இப்போது வயதாகிவிட்டது. மில் வேலைக்குப் போகிறார். இந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் அவர் இருக்கிறார். மணி ஒன்பதரை என்று இன்றும் சொல்கிறார். அவர் சொல்வதை நாம் நம்புகிறோம். நீதிமன்றமும் நம்பும்படி செய்ய அன்று நம்மால் முடியவில்லை. அடுத்த பிள்ளை போன் போடும்போது முடிய வேண்டும்.